வியாழக்கிழமை எட்டாவது பீரியட்

நான் டீ குடிக்கப் போன ஏழு நிமிடத்தில் என் சகலை என் அடிமடியிலேயே கை வைத்துவிட்டார். கேட்டால், "'அப்டேட்'னு ஒரு பட்டன் வந்து வந்து நின்னுச்சு சகலை, அமுக்கிட்டேன்" என்கிறார். பட்டன் வந்து நின்றால் அமுக்கிவிடுவதா? வாசலில் யார் வந்து நின்றாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவாரா இந்த மனுஷன்?

முழுக்கச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைச் சிடுமூஞ்சி என்று நினைத்துவிடுவீர்கள். சிடுமூஞ்சிதான், ஆனால் காரணத்தோடு.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர். என் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை அதே பள்ளியில் வேதியியல். அவருக்குப் புதுசாக எது வந்தாலும் நல்லது. எனக்குப் பழசாக எது இருந்தாலும் போதும். பாடம் நடத்துவது போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. வருடா வருடம் பள்ளி திறப்பதற்கு முன்னால் கால அட்டவணை போட வேண்டும். பதினெட்டு வகுப்பு, முப்பத்து நான்கு ஆசிரியர்கள், ஒரு நாளைக்கு எட்டு பீரியட், வாரத்துக்கு ஐந்து நாள். ஒரே நேரத்தில் ஒரு ஆசிரியர் இரண்டு வகுப்பில் நிற்கக் கூடாது, ஒரு வகுப்பில் இரண்டு ஆசிரியர் நிற்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும். உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், தெரியும்.

இதைப் பதினோரு வருடமாக ஒரே சாஃப்ட்வேரில் செய்துகொண்டிருந்தேன். பார்க்க லட்சணமாக இருக்காது. அடர்ந்த பச்சைப் பின்னணி, கட்டை கட்டையான பட்டன்கள், இரண்டு வகுப்பு மோதினால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். ஆனால் என் கைக்கு எல்லாம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அதில் எனக்கு உயிரான விஷயம் ஒன்று இருந்தது. எந்தக் கட்டத்துக்கும் எந்த வண்ணமும் பூசலாம். ஏன், எதற்கு என்று அது கேட்காது.

அந்த வண்ணங்கள்தான் என் நோட்டுப் புத்தகம். விளையாட்டு ஆசிரியர் தொலைவிலிருந்து ரயிலில் வருகிறவர், திங்கள் முதல் பீரியட் அவருக்கு வேண்டாம், அது நீலம். ஓவிய ஆசிரியைக்கு முழங்கால் வலி, அடுத்தடுத்த பீரியடில் மேல் மாடியும் கீழ் மாடியும் கூடாது, அது ஊதா. யாரும் என்னிடம் வந்து கேட்டதில்லை. கேட்டாலும் கொடுக்க முடியாது. "ஒருத்தருக்குச் சலுகைன்னா முப்பத்தி நாலு பேரும் என் ரூம் வாசல்ல வரிசையில நிப்பாங்க" என்று தலைமையாசிரியை தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதனால் நானே பார்த்து, நானே பூசி, வாயை மூடிக்கொண்டிருப்பேன். எங்கேயும் எழுதி வைத்ததில்லை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஆரஞ்சு. அது பயாலஜி டீச்சருடைய நான்காவது பீரியட், ஐந்து நாளும்.

அவர் வீடு பள்ளிக்கு எதிர்த் தெரு. அவருடைய அம்மாவுக்கு ஞாபகம் தவறிப்போய் மூன்று வருடமாகிறது. காலையில் பார்த்துக்கொள்ள வரும் அம்மாள் பதினொன்றரைக்குக் கிளம்பிவிடுவார். அடுத்தவர் வருவது பன்னிரண்டேகாலுக்கு. நடுவில் இருக்கும் அந்த முக்கால் மணி நேரமும் நம் நான்காவது பீரியடும் ஏறக்குறைய ஒன்று. மாடியில் என் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்ப்பேன். மணி அடித்ததும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடுவார். திரும்பி வரும்போது கை ஈரமாக இருக்கும். மகள் ஊட்டினால்தான் அந்த அம்மா சாப்பிடுமாம். ஒரு தடவை ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்க அந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவருடைய அம்மா என்னைப் பார்த்து, "ஸ்கூல் விட்டாச்சா? என் பொண்ணு எங்க?" என்று கேட்டார். அன்றைக்கு வந்து உட்கார்ந்துதான் ஆரஞ்சு பூசினேன்.

பயாலஜி டீச்சருக்கு இது தெரியாது. தன் நேரம் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். போன பரீட்சை சமயத்தில் ஸ்டாஃப் ரூமில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "அடுத்த வருஷம் அந்த பீரியட் மாறிடுச்சுன்னா வேலையை விட்டுட வேண்டியதுதான். அந்த நேரத்துல அம்மாவைத் தனியா விட முடியாது." நான் விடைத்தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

இப்போது சகலையின் விரலுக்கு வருவோம். சனிக்கிழமை காலை. திங்கட்கிழமை பள்ளி திறப்பு. மாலை நான்கு மணிக்குள் அட்டவணை தலைமையாசிரியை மேஜைக்குப் போயாக வேண்டும். முக்கால்வாசி முடித்துவிட்டு டீக்குப் போனேன். திரும்பி வந்தால் என் பச்சைத் திரையைக் காணோம். வெள்ளை வெளேர் என்று ஆஸ்பத்திரிச் சுவர் போல ஒரு திரை. நடுவில் ஒரு பொம்மை கையை ஆட்டுகிறது. 'வணக்கம்! புதிய அனுபவத்துக்கு உங்களை வரவேற்கிறோம். உங்கள் அட்டவணையை நாங்களே சீராக்கிவிட்டோம்!'

"யாருடா உன்னைச் சீராக்கச் சொன்னது?" என்று கத்தினேன், பொம்மையைப் பார்த்து.

"என்னையா சகலை?" என்றார் சகலை.

"உங்களையும்தான்!"

வண்ணம் எல்லாம் போய்விட்டது. பாடவாரியாக அதுவே வண்ணம் போட்டு வைத்திருக்கிறது, அதுவும் கழுவிக் கழுவி வெளுத்துப்போன துணி மாதிரி. மோதல் பார்க்கும் பட்டன் இருந்த இடத்தில் மூன்று கோடு. மூன்று கோட்டைத் தொட்டால் ஆறு புள்ளி. புள்ளியைத் தொட்டால் 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று ஐந்து நட்சத்திரம். என் கருத்தை நான் சொன்னால் அந்த நட்சத்திரமெல்லாம் உதிர்ந்துவிடும். ஓரத்தில் பெரிதாக 'இணக்க மதிப்பெண்: 96'. அட்டவணைக்கு மார்க் போடுகிறதாம்!

"தொண்ணூத்தாறு சகலை! நீங்க போட்டா இவ்ளோ வருமா?" என்று சிரித்தார் சகலை.

"பழசுக்குப் போக முடியுமா, அதைச் சொல்லுங்க."

நோண்டிப் பார்த்தார். முகம் மாறியது. "முடியாதாம்."

பயாலஜி டீச்சரின் பக்கத்தைத் திறந்தேன். ஐந்து நாளும் நான்காவது பீரியடில் வகுப்பு நிரம்பி வழிகிறது. அவர் ஓய்வு நேரத்தையெல்லாம் எடுத்து அங்கொன்றும் இங்கொன்றுமாக அள்ளி எறிந்திருக்கிறது. நியாயமாகப் பங்கிட்டிருக்கிறதாம்.

ஒவ்வொன்றாகக் கையால் இழுக்க ஆரம்பித்தேன். திங்கட்கிழமையைச் சரி செய்து சேமித்தால் திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின. கொட்டி முடித்ததும் பார்த்தால், அந்தத் திருட்டு ஜென்மம் திங்கட்கிழமையை மறுபடியும் பழையபடி சீராக்கியிருக்கிறது. நான் இந்தப் பக்கம் இழுத்தால் அது அந்தப் பக்கம் இழுக்கிறது. பேசாமல் ஒரு பெரிய தாளை எடுத்து ஸ்கேலால் கோடு போடலாமா என்று பார்த்தேன். ஆனால் ஆசிரியர்களுடைய போனுக்கு அட்டவணை போவது இந்தச் சனியன் வழியாகத்தான்.

வீட்டில் எனக்கும் என் சகலைக்கும் ஆயிரம் வாய்த்தகராறு இருக்கும். ஆனால் மனுஷன் ஓடி ஒளியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் எதை எதையோ தட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு கட்டத்தின் மேல் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தார். சின்னதாக ஒரு பூட்டு முளைத்தது.

"பாத்தீங்களா! பூட்டிட்டா அது கை வைக்காது."

"பூட்டை எங்க கொண்டு போய் ஒளிச்சு வச்சிருக்கான் பாருங்க" என்று சொன்னேனே தவிர, உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அது இரண்டு நொடிகூட நிலைக்கவில்லை. பூட்டின் கீழே ஒரு பெட்டி திறந்தது. 'காரணம்: கட்டாயம் நிரப்பவும். தலைமையாசிரியர் அறிக்கையில் இடம்பெறும்.'

பதினோரு வருடம் யாரிடமும் மூச்சு விடாமல் செய்த காரியத்துக்குக் காரணம் எழுது என்கிறது. ஒரு வீட்டுக்குள்ளே நடப்பதை நான் ஏன் பெட்டியில் எழுதிக் கொடுக்க வேண்டும்? அந்த டீச்சருக்கு அது தெரிந்தால் எவ்வளவு கூசிப்போவார்? கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம் அரசாங்கமும் அலுவலகமும் காலம் காலமாக நமக்குச் சொல்லி வரும் பதிலையே தட்டினேன்: 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு.' பெட்டி வாயை மூடிக்கொண்டது.

அதே காரணத்தோடு திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி நான்கையும் பூட்டிவிட்டேன். நீலத்தையும் ஊதாவையும் ஞாபகத்திலிருந்து எடுத்துப் பூட்டி வைத்தேன். கிளிப்பச்சை யாருக்கு, எதற்கு என்று இன்னமும் ஞாபகம் வரவில்லை. யாராவது சண்டைக்கு வந்தால் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டது வியாழக்கிழமைதான். அன்று நான்காவது பீரியடில் ஒன்பது 'பி'க்கு பயாலஜி. எங்கே தூக்கிப் போட்டாலும் இடிக்கிறது. மணி இரண்டாகிவிட்டது. சகலை வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாலு நாள் ஓடி ஐந்தாம் நாள் அந்த அம்மாவைப் பட்டினி போடவா முடியும்?

"சகலை, இங்க ஒண்ணு பூட்டியிருக்கே, நீங்களா போட்டீங்க?" என்றார் சகலை.

திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் இருந்தது. நான் போட்ட பூட்டுகளுக்கு மேலே, எல்லாவற்றுக்கும் முதலாவதாக, நான் போடாத ஒன்று. 'பழைய கோப்பிலிருந்து வந்தது. வியாழன், எட்டாவது பீரியட், புவியியல் ஆசிரியர்: ஓய்வு. காரணம்: காலி.'

அட, சாம்பல் கட்டம்! அது நான் பூசிய வண்ணமில்லை, பழைய பூட்டு என்பதால் தப்பியிருக்கிறது. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றுப் போகும்போது கோப்பைக் கொடுத்து, "சாம்பல் கட்டத்துல மட்டும் கை வச்சுடாத" என்றார். ஏன் என்று நானும் கேட்கவில்லை. அதை எடுத்தால் மொத்தமும் சரிந்துவிடும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அதோடு, எனக்கு வியாழக்கிழமை கடைசி பீரியட் ஓய்வு. கசக்குமா? மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய் ஒரு குட்டித் தூக்கம் போடுவேன். இத்தனை வருடமாக அந்தத் தூக்கத்துக்கு யாரும் காரணம் கேட்டதில்லை.

கணக்கு டீச்சருக்குப் போன் போட்டேன்.

"சொல்லு ஜியாக்ரஃபி, சீக்கிரம் சொல்லு. ஏணி மேல நிக்கிறேன், வேலிச்செடி வெட்டிட்டிருக்கேன்." எழுபத்தொரு வயது.

"டீச்சர், முதல்ல கீழ இறங்குங்க."

"நீ விஷயத்தைச் சொல்லு."

"அந்த சாம்பல் கட்டம். வியாழக்கிழமை எட்டாவது. அது எதுக்கு டீச்சர்? எடுத்தா என்ன ஆகும்?"

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. "அடப்பாவி, அதை இன்னுமா வச்சிருக்க? நீ எப்பவோ எடுத்திருப்பன்னு நினைச்சேன்."

"கை வைக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது அப்ப! உன் பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு இருக்குமா? பேச்சு சரியா வரலைன்னு ஊருக்கு அந்தக் கோடியில எங்கயோ கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போவியே. வியாழக்கிழமை நாலு மணிக்கு. மணி அடிக்கிறதுக்குள்ள நீ தவிக்கிற தவிப்பைப் பாத்திருக்கேன். ஒரு நாள் ஷூ லேஸ்கூடக் கட்டாம ஓடி, ஸ்கூல் கேட் கிட்ட விழுந்த. அன்னிக்கு வந்து பூட்டுனேன். நான் போனப்புறமும் அந்தக் கிளாஸ் ரெண்டு வருஷம் இருக்கும்னு தெரியும். சொன்னா நீ வேண்டாம்னுடுவ. அதான் தொடாதன்னேன்."

அந்த வருடம் புது அட்டவணையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், "நமக்கு என்ன அதிர்ஷ்டம் பாரு, வியாழக்கிழமை கடைசி பீரியட் தானா ஃப்ரீயா வந்திருக்கு" என்று மனைவியிடம் குதித்தது அப்படியே கண் முன்னால் வந்தது. அவள் கண்ணை மூடி நன்றிகூடச் சொன்னாள். யாருக்குச் சொல்கிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"இருக்கியா, வச்சுட்டியா?"

"இருக்கேன் டீச்சர்."

"பாப்பா இப்ப நல்லாப் பேசுதா?"

"வாயே மூட மாட்டேங்குது டீச்சர்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. சகலை எழுந்து போய் ஜன்னல் வழியாக வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார்.

"அப்புறம் என்ன, எடுத்துடு. நான் செடியை வெட்டுறேன்" என்று வைத்துவிட்டார்.

சாம்பல் கட்டத்தை அழுத்திப் பிடித்தேன். பூட்டை நீக்கவும் அது காரணம் கேட்டது. இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. 'வந்த வேலை முடிந்தது' என்று எழுதினேன்.

அதன் பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தது. வியாழக்கிழமை ஏழு 'பி'க்கு எட்டாவதில் இருந்த நூலக நேரத்தை நான்காவதுக்குக் கொண்டுவந்தேன். அங்கே எனக்கிருந்த ஏழு 'பி' புவியியலை எட்டாவதுக்கு அனுப்பினேன். இப்போது நான்காவதில் நான் சும்மா இருந்தேன். ஒன்பது 'பி'க்கு ஆறாவதில் எடுக்கும் என் வகுப்பை அங்கே வைத்தேன். பயாலஜி டீச்சருக்கும் ஆறாவதில் ஓய்வுதான், அங்கே பயாலஜி போய் உட்கார்ந்தது. எங்கும் எதுவும் இடிக்கவில்லை. என் குட்டித் தூக்கம் ஒன்றுதான் போயிற்று. ஐந்தாவது பூட்டையும் போட்டேன். காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின. கொட்டட்டும் என்று விட்டுவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தோம். ஆறிப்போயிருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் இருவரும் சாப்பிட்டோம்.

நான்கு மணிக்குத் தலைமையாசிரியை அறிக்கையைப் படித்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மதிப்பெண் எழுபத்தொண்ணுன்னு காட்டுது. காலைல தொண்ணூத்தாறு இருந்ததா உங்க சகலை சொன்னாரே."

இந்த மனுஷனுக்கு வாய் சும்மாவே இருக்காது. "அது போடுற மார்க் மேடம். பசங்களுக்கு நாம போடுற மார்க்கையே நான் முழுசா நம்புறதில்ல."

"சரி. பயாலஜி டீச்சருக்கு மட்டும் அஞ்சு பூட்டு. அஞ்சுக்கும் நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு." காகிதத்தை மேஜையில் வைத்தார். "இங்க நிர்வாகம் நான்தானே சார்? எனக்கே தெரியாத காரணமா?"

பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் மனசில்லை. "இருக்கு மேடம்" என்று மட்டும் சொன்னேன். "நல்ல காரணம்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த ஜன்னலிலிருந்தும் எதிர்த் தெரு தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சில காரணம் நிர்வாகத்துக்குத் தெரியாம இருக்குறதுதான் நிர்வாகத்துக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு, ஒப்புதல் பட்டனைத் தேட ஆரம்பித்தார். மூன்று கோட்டைத் தொட்டார், ஆறு புள்ளியைத் தொட்டார். "எங்க வச்சுத் தொலைச்சிருக்கான் இதை?" என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

அன்று மாலை மகள் போன் செய்தாள். விடுதிச் சாப்பாடு, அறைத்தோழி, தொலைந்து கிடைத்த குடை என்று நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசினாள். வழக்கமாகப் பத்தாவது நிமிடத்தில், "சரிம்மா, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்பேன். அன்று கொடுக்கவில்லை.

"என்னப்பா, 'உம்'கூடக் கொட்டாம இருக்கீங்க? கேக்குறீங்களா?"

"கேக்குறேன்டா தங்கம். நீ பேசு."

அடுத்த வியாழக்கிழமை எட்டாவது பீரியடுக்கு மணி அடிக்கப்போகும் நேரம். தூக்கக் கலக்கத்தோடு உலகப் படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு ஏழு 'பி'க்குக் கிளம்பினேன். மாடிப்படியில் பயாலஜி டீச்சர் எதிரே வந்தார்.

"என்ன சார், வியாழக்கிழமை கடைசி பீரியட் உங்களுக்கு எப்பவும் ஃப்ரீதானே?"

"இந்த வருஷம் கிளாஸ் விழுந்துடுச்சு டீச்சர்."

"அய்யோ பாவம்." உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்குப் பாருங்க சார், இந்த வருஷமும் அஞ்சு நாளும் நாலாவது ஃப்ரீ. சாஃப்ட்வேர் மாறிடுச்சுன்னு கேட்டதும் சோறே இறங்கல. போன்ல அட்டவணையைப் பாத்ததும் அழுதுட்டேன். என்ன அதிர்ஷ்டம் பாருங்க!" என்றார்.

புடவைத் தலைப்பில், மத்தியானம் ஊட்டிவிட்டுக் கை துடைத்த கறை காய்ந்திருந்தது. அதை மடித்து மறைத்துக்கொண்டார்.

"அதிர்ஷ்டம்தான் டீச்சர்" என்றேன். "சும்மா சொல்லக் கூடாது, புது சாஃப்ட்வேர் ரொம்ப நல்லா இருக்கு."